நிறத்தின் சாட்சியம்: மீன்தொட்டி நீர்ச்சோதனையின் கதை

வண்ணமீன் கடைகளில் விற்கும் நீர்ச்சோதனைப் பெட்டியைத் திறந்தால் உள்ளே நாலைந்து சொட்டுக் குப்பிகள், ஒன்றிரண்டு கண்ணாடிக் குழாய்கள், வண்ணக் கட்டங்கள் அச்சிட்ட ஓர் அட்டை, அவ்வளவுதான். தொட்டி நீரைக் குழாயின் கோடுவரை நிரப்பி, எண்ணிச் சொட்டுவிட்டு, குலுக்கி, சில நிமிடம் பொறுத்து, உண்டான நிறத்தை அட்டையோடு வைத்துப் பார்க்கவேண்டும். எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறதோ அதன் கீழே அச்சாகியிருக்கும் எண்தான் விடை. அம்மோனியா இவ்வளவு, நைட்ரைட் இவ்வளவு, நைட்ரேட் இவ்வளவு. மீன் வளர்ப்பவர்களிடையே இந்த எண்களைப் பற்றிய வழக்கு ஓய்ந்ததே இல்லை. ஒரே குழாயைப் பார்த்து ஒருவர் பூஜ்யம் என்பார், மற்றவர் 0.25 என்பார். அந்தக் கால் மில்லிகிராமுக்குப் பயந்து நள்ளிரவில் பாதித் தொட்டி நீரை இறைத்து மாற்றியவர்களும் உண்டு. பூஜ்யத்தை நம்பித் தூங்கி, விடிந்ததும் மிதக்கும் மீன்களை வலையில் அள்ளியவர்களும் உண்டு.

பெட்டியை நம்பலாமா என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை தேடுவதால்தான் இந்த வழக்கு முடிவதில்லை என்று நமக்குத் தோன்றுகிறது. அந்தக் குப்பிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் எதற்கோ விடை தேடியபோது பிறந்தது. அவர்கள் தேடியது பெரும்பாலும் மீனைப் பற்றிய விடையன்று. சாக்கடையும் வயலும் பீரும்தான் அவர்களுடைய கவலை. எந்தக் கேள்விக்காகப் பிறந்ததோ அதற்கு அந்தச் சொட்டு இன்றும் நேர்மையாகப் பதில் சொல்கிறது. வேறொன்றைக் கேட்டால் தடுமாறுகிறது.

சொட்டுவிட்டு நிறம் பார்க்கும் சோதனை ஒன்று மிகச் சிறப்பாக வேலை செய்த தருணத்திலிருந்து தொடங்குவது நியாயமாக இருக்கும். 1854ஆம் ஆண்டு லண்டனில் காலரா. டாக்டர் ஜான் ஸ்னோ என்றதும் எல்லோருக்கும் பிராட் தெருவின் கைப்பம்புதான் நினைவுக்கு வரும். ஆனால் அதே ஆண்டில் தேம்ஸ் நதிக்குத் தெற்கே அவர் நடத்திய ஆய்வு அதைவிடப் பெரியது. அந்தப் பகுதியில் இரண்டு கம்பெனிகள் குடிநீர் விநியோகித்தன. சவுத்வார்க் அண்ட் வாக்ஸ்ஹால் கம்பெனி நகரத்துக் கழிவு கலந்த பாட்டர்சீ பகுதியில் நதிநீரை எடுத்தது. லாம்பெத் கம்பெனி 1852இல் தன் நீரேற்று நிலையத்தை நதியின் மேற்பகுதியிலுள்ள தேம்ஸ் டிட்டனுக்கு மாற்றிவிட்டது. ஒரே தெருவில், அடுத்தடுத்த வீடுகளில், இரண்டு கம்பெனிகளின் குழாய்களும் ஓடின. இறந்தவரின் வீட்டுக்கு எந்தக் கம்பெனி நீர் வந்தது என்று தெரிந்தாகவேண்டும். குடியிருப்பவர்களைக் கேட்டால் பலருக்குத் தெரியவில்லை. தண்ணீர் வரியைக் கட்டியவர் வீட்டுக்காரர்.

ஸ்னோ வீட்டு நீரைச் சிறு குப்பியில் வாங்கிவந்து சில்வர் நைட்ரேட் சேர்த்துப் பார்த்தார். உப்பிலுள்ள குளோரைடோடு வெள்ளி சேர்ந்தால் நீர் பால்போல் வெளுத்துக் கலங்கும். லாம்பெத் நீரில் ஒரு காலனுக்கு 0.95 கிரெய்ன் உப்பு இருந்தது. கடலின் ஏற்றமும் சாக்கடையும் சேர்ந்த சவுத்வார்க் நீரில் 37.9 கிரெய்ன். நம் கணக்கில் லிட்டருக்குப் பதின்மூன்றரை மில்லிகிராம் ஒருபுறம், 540 மில்லிகிராம் மறுபுறம். நாற்பது மடங்கு வேறுபாடு. இதைக் காண வண்ண அட்டை தேவையில்லை, கூர்ந்த கண்ணும் தேவையில்லை. குழாய் கலங்கியதா, இல்லையா? அவ்வளவே. தொற்றின் முதல் ஏழு வாரங்களில் பத்தாயிரம் வீடுகளுக்கு சவுத்வார்க் கம்பெனி நீரில் 315 பேரும் லாம்பெத் நீரில் 37 பேரும் இறந்திருந்தார்கள் என்று அவர் கணக்கிட்டது பொதுச் சுகாதார வரலாற்றின் பெரிய எண்களில் ஒன்று.

இதே ஸ்னோ பிராட் தெருப் பம்பின் நீரையும் சோதித்தார். அதில் அழுக்கு அவ்வளவாகத் தென்படவில்லை. முடிவுக்கு வரத் தயங்கினார். நீரை விட்டுவிட்டு இறப்புப் பதிவேட்டைப் புரட்டிய பிறகுதான் பம்பு அகப்பட்டது. ஒரே மனிதர், ஒரே ஆண்டு. ஒரு சோதனை பிழையின்றிச் சாட்சி சொன்னது, இன்னொன்று ஏறக்குறைய வழிதவறச் செய்தது. முதலாவதில் அவர் கேட்டது 'இது இந்த நீரா, அந்த நீரா?' இரண்டாவதில் கேட்டது 'இந்த நீர் நல்லதா?' மீன்தொட்டிக்கு முன்னால் குழாயும் கையுமாக நிற்கும் நாம் அநேகமாக இரண்டாவதைத்தான் கேட்கிறோம்.

*

மீன்தொட்டி என்ற பொருளே ஏறக்குறைய அதே காலத்தில், அதே நகரத்தில், ஒரு வேதியியலரின் கையில் உருவானது என்பது தற்செயல்தான் என்றாலும் இனிமையான தற்செயல். ராபர்ட் வாரிங்டன் லண்டன் மருந்தாளர் சங்கத்தின் வேதியியலர். 1841இல் வேதியியல் கழகம் தொடங்கப்பட முன்நின்றவர். 1849இல் ஒரு கண்ணாடிக் கலத்தில் இரண்டு சிறு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் வைத்தார். மீன் வெளிவிடும் கரியமிலவாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி விடும் பிராணவாயுவை மீன் எடுத்துக்கொள்ளும், நீரை மாற்றவே வேண்டியதில்லை என்பது எண்ணம். சில நாட்களில் செடியின் பழுத்த இலைகள் அழுகி நீர் கலங்கத் தொடங்கியது. வாரிங்டன் குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகியதைத் தின்றன, அவற்றின் முட்டைகளை மீன்கள் தின்றன, நீர் தெளிந்தது. 1850இல் இதை வேதியியல் கழகத்தின் இதழில் எழுதினார். மூன்றாண்டுகளில் ரீஜண்ட்ஸ் பூங்காவில் பொதுமக்களுக்கான மீன்மனை திறந்தாயிற்று. 1854இல் பிலிப் ஹென்றி கோஸ் 'அக்வேரியம்' என்ற பெயரில் நூலே எழுதிவிட, இங்கிலாந்தின் வரவேற்பறைகளில் எல்லாம் கண்ணாடித் தொட்டி ஒரு மோகமாயிற்று. எட்மண்ட் கோஸ் 1907இல் வெளியிட்ட 'தந்தையும் மகனும்' நூலைப் படித்தவர்களுக்கு இந்தக் கோஸைத் தெரியும். அதில் வரும் தந்தை இவரேதான்.

வாரிங்டனிடம் சோதனைக் குப்பி ஏதும் இருக்கவில்லை. கண்ணும் மூக்குமே அவருடைய கருவிகள். தெளிவான நீருக்குள் மீனின் சிறுநீரும் செவுளும் ஓயாமல் அம்மோனியாவை விட்டுக்கொண்டிருக்கின்றன என்பதும், அது கண்ணுக்குத் தெரியாமலே கொல்லக்கூடியது என்பதும் அவருடைய சமன்பாட்டில் இல்லை. நம் பெட்டியின் முதல் குப்பி 1856இல் வருகிறது. ஜெர்மானியரான யூலியுஸ் நெஸ்லர் பாதரசமும் அயோடைடும் காரமும் கலந்த ஒரு கரைசலைத் தயாரித்தார். அம்மோனியா பட்டால் அது மஞ்சளாகும், அதிகமானால் பழுப்பாகும். மூன்றாண்டுகள் கழித்து ஃபிரான்ஸில் பெர்த்தலோ வேறொரு வழியில் அம்மோனியாவை நீலமாக்கிக் காட்டினார். இன்றைய பெட்டிகளில் இருப்பவை இந்த இரண்டில் ஒன்று, அல்லது அதன் பேரக்குழந்தை.

நெஸ்லரின் குப்பி லண்டனுக்கு வந்தபோது மூண்ட சண்டை நம் விஷயத்துக்கு மிகவும் வேண்டியது. 1867இல் வாங்க்ளின் என்ற வேதியியலர் தன் கூட்டாளிகளோடு ஒரு முறையை அறிவித்தார். குடிநீரைக் காரமும் பெர்மாங்கனேட்டும் சேர்த்துக் கொதிக்கவைத்தால் அதிலுள்ள அழுகுபொருள் அம்மோனியாவாக ஆவியேறும். அதைப் பிடித்து நெஸ்லர் கரைசலால் அளந்தால் நீரின் அழுக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். எளிய முறை, மலிவான முறை. எட்வர்ட் ஃபிராங்க்லண்ட் இதை ஏற்கவில்லை. அழுகுபொருளிலுள்ள நைட்ரஜனில் ஏதோ ஒரு பங்குதான் அம்மோனியாவாக வருகிறது, அது எந்தப் பங்கு என்று யாருக்கும் தெரியாது என்றார். அவருடைய வழி வேறு: நீரை வற்றவைத்து, எஞ்சியதை வெற்றிடக் குழாயில் எரித்து, வரும் வாயுக்களை அளப்பது. அதற்குக் கைதேர்ந்த ஆளும் விலையுயர்ந்த கருவியும் நாட்கணக்கில் பொறுமையும் வேண்டும். வற்றவைக்கும்போதே நீர் மாறிவிடுகிறதே என்று வாங்க்ளின் தரப்பு திருப்பிக் கேட்டது. இரு தரப்பும் ஆண்டுக்கணக்கில் வசைபாடிக்கொண்டன. வசைகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இருவருமே மற்றவரைப் பற்றிச் சொன்னது உண்மை. வாங்க்ளின் அளந்தது அம்மோனியாவை, அறிவித்தது அழுக்கை.

ஃபிராங்க்லண்டும் சும்மா இருக்கவில்லை. நீரிலுள்ள நைட்ரேட்டையும் அம்மோனியாவையும் கூட்டி, 'முன்னாள் சாக்கடைக் கலப்பு' என்று ஒரு எண்ணை உருவாக்கினார். நீர் இன்று தெளிந்திருக்கலாம், ஆனால் என்றோ அதில் சாக்கடை கலந்திருக்கிறது என்பதற்கு நைட்ரேட் சாட்சி என்பது அவர் வாதம். பல கம்பெனிக்காரர்களை இது கொதிக்கவைத்தது. நமக்கோ, நைட்ரேட் பற்றிச் சொல்லப்பட்டவற்றில் இதுவே ஆகச் சரியானது என்று படுகிறது. மீன்தொட்டியிலும் நைட்ரேட் என்பது இறந்தகாலத்தின் எண். போன வாரம் எவ்வளவு தீனி போட்டோம், எத்தனை நாளாய் நீர் மாற்றாமல் சோம்பியிருந்தோம் என்பதன் பதிவு அது. இன்றிரவு மீன் பிழைக்குமா என்பதைப் பற்றி அது அதிகம் சொல்வதில்லை.

எதை எண்ணுகிறோம் என்ற அந்தப் பழைய சண்டையின் மிச்சம் இன்றும் அட்டையில் இருக்கிறது. ஒரு நிறுவனம் நைட்ரேட் முழுவதையும் எடைபோட்டு எண் அச்சிடும். இன்னொன்று அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் எடைபோடும். இரண்டுக்கும் நடுவே 4.43 மடங்கு வித்தியாசம். ஒன்றில் 10 என்றால் மற்றதில் 44. அமெரிக்காவின் குடிநீர் வரம்பு 10 என்றும் இந்தியாவின் வரம்பு 45 என்றும் படித்துவிட்டு நம் அரசு நான்கு மடங்கு தாராளமாக இருக்கிறது என்று கோபப்படுபவர்கள் உண்டு. இரண்டும் ஏறக்குறைய ஒரே நீர்தான். இரண்டு கம்பெனிப் பெட்டிகளை வாங்கி ஒப்பிட்டு, ஒன்று பொய் என்று தூக்கியெறிபவர்களும் முதலில் அட்டையின் அடியிலிருக்கும் பொடி எழுத்தைப் படிக்கவேண்டும்.

*

நைட்ரைட் குப்பியின் கதை பீர் ஆலையில் தொடங்குகிறது. பீட்டர் கிரீஸ் ஜெர்மானியர். 1858இல் அவர் கண்டுபிடித்த வினையின் மேல்தான் பிற்காலச் சாயத்தொழிலின் பெரும்பகுதி எழுந்தது. ஆனால் 1862 முதல் அவர் பிழைப்பு நடத்தியது இங்கிலாந்தின் பர்ட்டன் ஊரில், ஆல்சாப் பீர் ஆலையின் வேதியியலராக. அந்த வினையையே திருப்பிப்போட்டு 1879இல் நைட்ரைட்டைக் காணும் சோதனையாக்கினார். நீரில் நைட்ரைட் இருந்தால் மட்டுமே சாயம் உருவாகும், இல்லையென்றால் உருவாகாது. ரோஜாச் சிவப்பு நிறம். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு நிறம் எழுகிறது என்பதால் இதில் ஐயத்துக்கு இடம் குறைவு. பெட்டியிலிருக்கும் நிறச்சோதனைகளில் நாம் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடியது இதுதான் (கண்ணைத் திறந்து பார்க்கவேண்டிய சோதனை என்பதை மறக்காமல்).

நைட்ரேட் குப்பி இந்த நல்ல குடும்பத்தில் பிறந்த தொல்லைபிடித்த பிள்ளை. நைட்ரேட்டை நேராக நிறமாக்க எளிய வழியில்லை. துத்தநாகம் போன்ற உலோகத்தூளைச் சேர்த்து முதலில் நைட்ரைட்டாக இறக்கி, பிறகு கிரீஸின் சாயத்தை உண்டாக்குகிறார்கள். அந்தத் தூள் குப்பியின் அடியில் படிந்து கட்டிதட்டிப்போகிறது. 'அரை நிமிடம் பலமாகக் குலுக்கவும்' என்று தாளில் எழுதியிருப்பது சம்பிரதாயத்துக்காக அன்று. குலுக்காமல் விட்ட சொட்டில் உலோகம் இருக்காது, இறக்கம் நடக்காது, நைட்ரேட் நிறைந்த நீரும் மஞ்சளாகவே நின்று பூஜ்யம் என்று சொல்லும். அதிகமாக இறங்கிவிட்டால் நைட்ரைட்டையும் தாண்டிப்போய்விடும், அப்போதும் எண் குறையும். தொட்டியில் ஏற்கெனவே நைட்ரைட் இருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். இத்தனைக்கும் பிறகு ஆரஞ்சிலிருந்து சிவப்பு, சிவப்பிலிருந்து இன்னும் கொஞ்சம் சிவப்பு என்று போகும் கட்டங்களில் 40க்கும் 80க்கும் வேறுபாடு சொல்லவேண்டும். சொல்ல முடிகிறது என்பவர்களைக் கண்டால் நமக்குப் பொறாமையைவிட ஐயமே மிகுகிறது.

நிறத்தை நிறத்தோடு ஒப்பிடுவது என்ற வேலையைப் பற்றியும் முதலில் தீவிரமாகக் கவலைப்பட்டவர் ஒரு பீர்க்காரரே. ஜோசப் லோவிபாண்ட் பீர் ஆலை முதலாளி. பீரின் நிறம் மாறாமல் இருக்கவேண்டும். ஒப்பிட வைத்திருக்கும் மாதிரியோ நாளடைவில் வெளுக்கிறது. சால்ஸ்பரி தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடிகளைப் பார்த்து அவருக்கு யோசனை பிறந்ததாகச் சொல்வார்கள். 1880களில் அளவிட்டுச் சாயமேற்றிய கண்ணாடித் துண்டுகளைக் கொண்டு நிறமானி ஒன்றை அமைத்தார். கண்ணாடி வெளுக்காது. வாங்க்ளின் காலத்து ஆய்வகங்களிலும் இந்தக் கவனம் வேறு வடிவில் இருந்தது. அளவு தெரிந்த அம்மோனியாக் கரைசலை அதே நாளில், அதே போன்ற குழாயில், அதே நெஸ்லர் கரைசலால் நிறமாக்கி, இரண்டையும் வெள்ளைப் பரப்பின்மேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி மேலிருந்து பார்ப்பார்கள். நீர் நிறத்துக்கு நீர் நிறமே சாட்சி. நம் பெட்டிக்குள் வரும்போது அந்தச் சாட்சி அச்சடித்த காகிதமாகச் சுருங்கிவிட்டது. ஒளி ஊடுருவும் திரவத்தை ஒளி ஊடுருவாத மையோடு ஒப்பிடச் சொல்கிறார்கள். இரவில் சமையலறைக் குழல்விளக்கின் கீழ் ஒரு எண், காலையில் சன்னலோரத்தில் வேறொரு எண். பெட்டியின்மேல் பழி போடுமுன் விளக்கை மாற்றிப் பார்ப்பது நல்லது.

கண்ணையும் சேர்த்துத்தான். அணுக்கொள்கை தந்த ஜான் டால்ட்டனுக்குச் சிவப்பு மற்றவர்களுக்குத் தெரிந்தபடி தெரியவில்லை. 1794இல் அதைப் பற்றி அவரே உரையாற்றினார். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பு, பச்சை தொடர்பான நிறக்குறை உண்டு. டால்ட்டனிடம் இன்றைய நைட்ரேட் அட்டையைக் கொடுத்திருந்தால் வேதியியலின் பெரும் மேதை தங்கமீன் விஷயத்தில் தோற்றிருப்பார்.

மூன்றாவது பீர்க்காரர் டென்மார்க்கில். கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் வேதியியல் தலைவர் சோரன்சன் 1909இல் பிஎச் அளவுகோலை அறிமுகப்படுத்தினார். (சென்னைக் கடற்கரையில் மீன்காட்சிசாலை திறக்கப்பட்டதும் 1909இல்தான்.) பிஎச் நிறங்காட்டிகள் ஒவ்வொன்றையும் சோதித்த அவர், உப்பும் புரதமும் கலந்த நீரில் அவை தவறான நிறம் காட்டுகின்றன என்பதையும் அதே ஆய்வில் எழுதிவைத்தார். அளவுகோலைக் கொடுத்த கையே எச்சரிக்கையையும் கொடுத்தது. பெட்டிக்குள் அளவுகோல் மட்டும் வந்து சேர்ந்தது. தாதுக்கள் அநேகமாக இல்லாத மென்னீரில் இன்னொரு சங்கடமும் உண்டு. அதில் விடும் நிறங்காட்டிச் சொட்டே அமிலம் அல்லது காரம் என்பதால், அளக்கப்படும் நீரை அளக்கும் சொட்டே மாற்றிவிடுகிறது.

பிஎச் எண்ணின் பயன் தனியே இருக்கும்போது தெரிவதில்லை. அம்மோனியாவோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் உயிர் சம்பந்தப்பட்டதாகிறது. பெட்டி காட்டுவது மொத்த அம்மோனியாவை. அதில் செவுள்வழி எளிதில் உட்புகுந்து கொல்வது மின்னூட்டமற்ற பகுதி. 25 பாகை வெப்பத்தில், பிஎச் 7 என்றால் அந்தப் பகுதி மொத்தத்தில் அரை விழுக்காட்டுக்குச் சற்று மேல். பிஎச் 8 என்றால் 5 விழுக்காட்டுக்கு மேல். 9 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஆகவே லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்ற ஒரே அட்டை எண் ஒரு தொட்டியில் பொறுக்கக்கூடியது, இன்னொரு தொட்டியில் கொலைக்கருவி. அமில நீரில் நாட்கணக்கில் தேங்கிய அம்மோனியாவோடு வாழ்ந்த மீன்கள், அன்போடு காரமான புதுநீர் ஊற்றியதும் துடித்துச் சாவதற்கு இதுவே காரணம். சோதனைப் பெட்டி அங்கே பொய் சொல்லியிருக்காது. இரண்டு குப்பிகளை நாம் ஒன்றாகப் படித்திருக்கமாட்டோம்.

அந்த 0.25 வழக்குக்கு வருவோம். நெஸ்லர் கரைசலில் பாதரசம் இருப்பதால் பல பெட்டிகள் பெர்த்தலோவின் வழிவந்த சாலிசிலேட் முறைக்கு மாறின. இதில் அம்மோனியா தருவது நீலம். ஆனால் வினைபொருள்களே இயல்பில் மஞ்சள். ஆகவே பூஜ்யம் என்றால் மஞ்சள், நிறைய என்றால் பச்சை. மஞ்சளில் துளி நீலம் சேர்ந்ததா இல்லையா என்பதே முதற்கட்டத்துக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் உள்ள வித்தியாசம். இது மனிதக் கண் தடுமாறும் எல்லை. குளோரின் நீக்கும் மருந்துகள் இந்தக் குழப்பத்தை இரட்டிப்பாக்குகின்றன. அவற்றில் சில அம்மோனியாவைப் பிணைத்துத் தீங்கற்றதாக்குகின்றன. பிணைந்த அம்மோனியாவையும் சாலிசிலேட் சோதனை அவிழ்த்து எண்ணிவிடும். நெஸ்லர் சோதனையோ இத்தகைய மருந்துகளின் முன்னிலையில் பொருளற்ற நிறமே காட்டக்கூடும். நீர் மாற்றி மருந்தூற்றிய உடனே சோதித்து அலறுவதில் பயனில்லை என்பதே நம் கருத்து.

பெட்டியில் இன்னொரு வகைச் சோதனை இருக்கிறது, அதைப் பற்றி யாரும் சண்டையிடுவதில்லை. நீரின் கடினத்தன்மையை அளக்க அபர்டீன் பேராசிரியர் தாமஸ் கிளார்க் 1840களில் சோப்புக் கரைசலைப் பயன்படுத்தினார். நுரை நிலைக்கும்வரை அளந்து அளந்து ஊற்றி, எத்தனை அளவு என்று எண்ணினார். 1940களில் ஜூரிக்கின் ஷ்வார்சன்பாக் சோப்புக்குப் பதிலாக இன்னும் துல்லியமான வேதிப்பொருளைத் தந்தார். ஆனால் எண்ணும் தத்துவம் அதேதான். சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வருகிறோம், ஒரு சொட்டில் நிறம் சட்டென்று மாறுகிறது, அதுவரை விட்ட சொட்டுகளே விடை. இங்கே நிறத்தின் ஆழத்தை மதிப்பிடத் தேவையில்லை. மாறிற்றா இல்லையா என்று கண்டால் போதும். பிழை ஏற்பட்டாலும் பெரும்பாலும் ஒரு சொட்டளவு. ஸ்னோவின் வெள்ளைக் கலக்கத்துக்கு நெருங்கிய உறவு இது.

நான்காவது பீர்க்காரருக்கு நீரோடு நேரடிச் சம்பந்தமில்லை. டப்ளினில் கின்னஸ் ஆலையில் வேலைபார்த்த வில்லியம் கோசெட், 1908இல் 'மாணவன்' என்ற புனைபெயரில் ஒரு கட்டுரை எழுதினார். நாலைந்து அளவுகளே கையிலிருக்கும்போது அவற்றின் சராசரியை எவ்வளவு நம்பலாம் என்பது அவருடைய கேள்வி. பார்லியும் ஹாப்ஸும் வாங்கும் ஆலைக்கு நூறு முறை சோதிக்க நேரமில்லை. நமக்கும் இல்லை. ஆனால் ஒரு முறை சோதித்து ஒரு எண்ணை எழுதுவதற்கும், அதே நீரை மூன்று முறை சோதித்து மூன்று எண்களும் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்ப்பதற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. ஒரு குழாயில் தொட்டி நீர், இன்னொன்றில் காய்ச்சி வடித்த நீர், மூன்றாவதில் அளவு தெரிந்த அம்மோனியம் குளோரைடு கரைசல். இந்த மூன்றையும் ஒரே விளக்கின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அட்டையைப் பார்க்கவே வேண்டியதில்லை. இது நூற்றைம்பது ஆண்டுக்கு முந்திய ஆய்வகப் பழக்கம்தான். விலை குறைந்த பெட்டியையும் இது நம்பத்தக்கதாக்கும். காலாவதியான குப்பியை உடனே காட்டிக்கொடுக்கும்.

வாரிங்டனின் தங்கமீன்கள் எப்படிப் பிழைத்தன என்ற கேள்வி ஒன்று பாக்கியிருக்கிறது. நத்தையும் செடியும் மட்டும் அதற்குப் போதா. விடையைத் தேடியவர்களில் ஒருவர் அவருடைய மகன். அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன். தந்தை 1867இல் இறந்தார். பத்தாண்டு கழித்து, மண்ணில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவது உயிருள்ள ஏதோ ஒன்று என்று ஃபிரான்ஸில் ஷ்லோசிங்கும் மூன்ட்ஸும் காட்டினார்கள். ரோதாம்ஸ்டெட் வேளாண் நிலையத்தில் மகன் வாரிங்டன் அதைத் தொடர்ந்து, மாற்றம் இரண்டு படிகளில் நிகழ்கிறது, முதலில் நைட்ரைட், பிறகு நைட்ரேட் என்று பிரித்தறிந்தார். அந்த நுண்ணுயிரிகளைத் தனிமைப்படுத்த அவரால் முடியவில்லை. 1890இல் வினோகிராட்ஸ்கி அதைச் செய்தார். அதே ஆண்டில் முதற்படி உயிரியைப் பிரித்தெடுத்ததாக இங்கிலாந்திலிருந்தும் அறிவிப்பு வந்தது. அறிவித்தவர்கள் பெர்சி ஃபிராங்க்லண்டும் அவர் மனைவி கிரேஸும். பெர்சி, வாங்க்ளினோடு மல்லுக்கட்டிய எட்வர்ட் ஃபிராங்க்லண்டின் மகன்.

இன்றைய மீன் வளர்ப்பாளர் புதுத் தொட்டியில் முதலில் அம்மோனியா ஏறி இறங்கவும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கவும் வாரக்கணக்கில் காத்திருப்பது மகன் வாரிங்டனின் அந்த இரண்டு படிகளைத்தான். அந்தக் காத்திருப்புக்குச் சோதனைப் பெட்டியைப்போல் உதவுவது வேறில்லை. அங்கே எண் முக்கியமன்று. ரோஜா நிறம் வந்ததும் போனதுமே செய்தி. ஆனால் இந்தப் படிகளும் அவ்வளவு ஒழுங்கானவையல்ல. பாடநூல்கள் சொல்லிவந்த நைட்ரோபாக்டர் நன்னீர்த் தொட்டிகளில் முக்கியமான உயிரியல்ல, அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1990களில் ஹோவானெக்கும் உடன் ஆய்ந்தவர்களும் காட்டினார்கள். 2015இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் ஒரே சமயத்தில், இரண்டு படிகளையும் தானே முடித்துவிடும் நைட்ரோஸ்பைரா இனங்கள் உண்டு என்று அறிவித்தன. அவற்றுள் ஒரு குழு, நெதர்லாந்தைச் சேர்ந்தது, தன் உயிரியைக் கண்டெடுத்தது வயலிலிருந்தோ சாக்கடையிலிருந்தோ அன்று. மீன் வளர்க்கும் தொட்டி ஒன்றின் வடிகட்டியிலிருந்து.